ஏற்காட்டுக்கு மலைக் கோஸ்டர் வந்தா நல்லதா கெட்டதா? (பிரேக் நம்ம கையிலங்க!)

திருப்பூர்_பின்னலாடை:
எல்லாருக்கும் வணக்கமுங்க. போன மாசம் குடும்பத்தோட வியட்நாம் போயிட்டு வந்தோம். அங்க டா லாட்னு ஒரு மலை ஊரு. 1500 மீட்டர் உசரம், நம்ம ஏற்காடு அளவேதான். வெயில் தாங்காத பிரெஞ்சுக்காரன் கட்டுன ஊரு. எங்க பாத்தாலும் பைன் மரம், காப்பித் தோட்டம், பூ. அங்க டாடன்லா அருவிக்கு இறங்கறதுக்கு மலைக் கோஸ்டர் போட்டிருக்கறான்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். தீம் பார்க்குல தலகீழாச் சுத்துமே, அது வேற. இது மலைச் சரிவோட வளஞ்சு நெளிஞ்சு போற ரெண்டு எஃகுக் குழாய். அதுமேல முன்னும் பின்னுமா ரெண்டு பேரு உக்கார்ற குட்டி வண்டி. வண்டியில மோட்டார் கெடையாது. இறங்கறப்ப தானா ஓடுது, திரும்பி மேல வர்றப்ப கயிறு இழுத்துக்குது, பழனி விஞ்சுல உக்காந்த மாதிரி. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பிடி. முன்னால தள்ளுனா ஓடும், பின்னால இழுத்தா நிக்கும். படிப்பு அவ்வளவுதான்.

பொறகால உக்கார்றவங்கதான் ஓட்டணும். எங்கம்மாவுக்கு 61 வயசு, முப்பது வருசமா எக்ஸெல் வண்டி ஓட்டுனவங்க. "நீ முன்னால உக்கார்றா, நான் ஓட்டறேன்"னுட்டாங்க. சீலையை முழங்காலுக்குக் கீழ இறுக்கிச் சொருகிட்டு ஏறுனாங்க. ஒவ்வொரு வளைவுக்கும் ரெண்டு பிடியையும் நெஞ்சு வரைக்கும் இழுத்தாங்க. மரமெல்லாம் கை நீட்டுனாத் தொடற தூரத்துல போகுது. எனக்கு முன்னால வேடிக்கை, பொறகால "முருகா முருகா". கீழ இறங்கி சித்தெ நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "இது நம்மூர்ல ஏண்டா இல்ல?"ன்னு கேட்டாங்க.

அதத்தான் நானும் கேக்கறேன். ஏற்காட்டுலயோ கொல்லிமலையிலயோ யாராச்சும் போட்டா என்னங்க?

குன்னூர்_மேகம்:
தம்பி, அம்மா சிரிச்சது சந்தோசம். ஆனா இது வேண்டாம்.

மலைக்கு ஏத்துற ஒவ்வொரு புது வேடிக்கையும் தனியா வராது, பின்னாலயே ஆயிரம் காரைக் கூட்டிட்டு வரும். எங்க ஊட்டிக்கு ஏற 2024 மே 7லிருந்து இ-பாஸ். அதுவும் பத்தாம 2025 கோடைக்கு சாதா நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறு 8000ன்னு ஐகோர்ட்டே வரம்பு கட்டுச்சு. எத்தனை வண்டி தாங்கும்னு ஐஐடிக்காரங்களையும் ஐஐஎம்காரங்களையும் கணக்குப் பாக்கச் சொல்லியிருக்குது. இந்த நெலமையில இன்னொரு வேடிக்கையா?

அடுத்தது என் பொடனி. நானும் இதுல போயிருக்கறேன், வேறொரு நாட்டுல, ஒரு மலை ரிசார்ட்டுல. பேரு வேண்டாம். ஏறும்போதே சொன்னாங்க, முன் வண்டிக்கும் நமக்கும் 25 மீட்டர் விடணும்னு. போர்டும் வச்சிருந்தாங்க. நான் விட்டேன். எனக்கு முன்னால போன புள்ள பாதி வழியில வண்டிய நிறுத்திப்போட்டு செல்பி எடுக்குது. நான் பிடிச்சேன், நின்னேன். எம்பொறகால வந்த பையன் நிக்கல. சத்தம் ஒண்ணும் பெருசா இல்லைங்க, தேங்கா ஒடச்ச மாதிரி 'டொக்'னு ஒண்ணு. அன்னிக்கு ராத்திரி கழுத்து திரும்பல. மூணு வாரம் காலர் பட்டை போட்டுட்டுத் திரிஞ்சேன். ரிசார்ட்டுல கேட்டதுக்கு, ஏறுறதுக்கு முன்ன நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நீட்டுனாங்க.

பிரேக்கை சவாரி வர்றவன் கையில குடுக்கற விளையாட்டு இது. நம்ம சனம் டோல்கேட்ல எத்தனை அடி விட்டு நிக்குதுன்னு ரோசன பண்ணிப் பாருங்க.

திருப்பூர்_பின்னலாடை:
அண்ணா, உங்க கழுத்துக்கு வருத்தமுங்க. ஆனா "நம்ம சனம்"ங்கற பேச்சுத்தான் எனக்கு ஆகாது. டா லாட்ல எங்களுக்கு முன்னால பின்னால பூராவும் நம்ம தமிழ்நாட்டு டூர் குரூப்புதான். ஒருத்தரும் முட்டல. எங்கம்மா பாதி வழிக்கு ஆமையாட்டம் வந்தாங்க, பின்னால வந்த ஈரோட்டுக்காரர் கத்துனாரே ஒழிய இடிக்கல. அங்க ஒழுங்கா இருக்கறவன் இங்க வந்தா மட்டும் கெட்டுப் போவானுங்களா? நடத்தறவன் எப்படி நடத்தறாங்கறதுல இருக்குது.

மலையில இரும்பு போட்டது என்ன புதுசா? உங்க குன்னூருக்கே 1899ல பல்சக்கர ரயில் ஏறிடுச்சு. அன்னிக்கு மலை போயிடும்னு யாராச்சும் நிறுத்துனாங்களா? இன்னிக்கு அதே ரயிலுக்கு யுனெஸ்கோ பட்டம் குடுத்துருக்குது.

குன்னூர்_மேகம்:
அந்த ரயிலைப் பத்தி எங்கிட்டயே பேசறீங்க பாருங்க. ஐப்பசி கார்த்திகை மழைக்கு கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல தண்டவாளத்துல மண்ணு விழுந்து, பாறை விழுந்து எத்தனை நாள் ரத்து ஆகுதுன்னு வருசா வருசம் பேப்பர் பாருங்க. 2009 நவம்பர்ல எங்க மாவட்டத்துல மலை சரிஞ்சப்ப நான் இங்கதான் இருந்தேன். வெட்டுன சரிவுதான் மொதல்ல சரியும். அது மண்ணோட கொணம்.

பீளமேடு_பேரிங்:
ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கறீங்க, நடுவுல கொஞ்சம் மெக்கானிக்கல் பேசலாமுங்களா.

மொதல்ல வெட்டுறது. இந்த வகைக் கோஸ்டருக்கு மலைய வெட்டித் தரை சமன் பண்ண வேண்டியதில்ல. சரிவு எப்படிப் போகுதோ அப்படியே குழாயும் போகும். மண்ணுக்குள்ள நங்கூரக் கம்பி இறக்கி, தாங்குகால் நிறுத்தி, தரையிலிருந்து சில அடி உசரத்துலயே பெரும்பாதி ஓடிரும். அண்ணன் சொல்ற 'வெட்டுன சரிவு' கோஸ்டரால வர்றதில்ல. பார்க்கிங்காலயும் ஓட்டலாலயும் வரும். அந்த வகையில அவரு சொல்றது சரி, இடந்தான் தப்பு.

வேகம்: மணிக்கு 40 கிலோமீட்டர் சுத்துல கட்டுப்படுத்தியிருப்பாங்க. பிடியை முழுசாத் தள்ளுனாலும் அதுக்கு மேல விடாது. சில வண்டியில மையவிலக்கு பிரேக். நம்ம எக்ஸெல் வண்டியில வேகம் கூடுனா கிளட்ச் தானா விரிஞ்சு பிடிக்குமே, அதே தத்துவம், இங்க அது பிரேக்கா வேலை செய்யுது. சிலதுல காந்தம். பழைய ஈபி மீட்டர் உள்ள ஒரு அலுமினியத் தட்டு சுத்தும் பாத்திருக்கறீங்களா? அதோட விளிம்புல ஒரு காந்தம் கவ்விட்டு நிக்கும், தட்டு தறிகெட்டுச் சுத்தாம இருக்கறது அதனாலதான். வேகம் கூடக் கூட காந்தத்தோட எதிர்ப்பும் கூடும். கரண்டே வேண்டாம், தேயவும் தேயாது. ஒரே குறை, அது வேகத்தைக் குறைக்குமே தவிர வண்டியை முழுசா நிறுத்தாது. நிறுத்தறதுக்கு உராய்வு பிரேக்தான் வேணும், அதான் உங்க கையில இருக்கற பிடி.

தண்டவாளத்தை விட்டு வெளிய பறக்குமாங்கறவங்களுக்கு: குழாய்க்கு மேலயும் சக்கரம், கீழயும் சக்கரம். கவ்விட்டுத்தான் ஓடும்.

இன்னொண்ணு, கனமான ஆளுக வண்டி வேகமா இறங்கும். ரெண்டு பெரியவங்க போற வண்டி, ஒரு ஒல்லிப் பையன் தனியாப் போற வண்டியப் புடிச்சிரும். 25 மீட்டர்ங்கறது சும்மா எழுதி வச்சதில்லைங்க.

குன்னூர்_மேகம்:
அப்ப நான் சொன்னதத்தான் நீங்களும் சொல்றீங்க. இடிக்கறது மெஷினால இல்ல, ஆளால.

பீளமேடு_பேரிங்:
ஆளால இடிக்கறதக் குறைக்கறதுக்கும் மெஷின்தான். மேல ஒருத்தர் நின்னு இடைவெளி பாத்து விடணும். முன் வண்டி கண்ணுக்கு மறைஞ்சதும் அடுத்ததைத் தாட்டி விடற வேலை ஆகாது. காசுக்கு ஆசப்பட்டு அந்த இடைவெளியைக் குறைச்சா முடிஞ்சுது. மழை பெஞ்சா ஈரக் குழாயில பிரேக் பிடிக்கற தூரம் கூடும், அன்னிக்கு இன்னும் விட்டு விடணும். பெரு மழைன்னா கவுன்ட்டரைச் சாத்தணும். உங்களுக்கு நடந்ததுல அந்தப் பையனை விட, மேல நின்னு விட்டவர் மேலதான் எனக்குக் கோபம்.

குன்னூர்_மேகம்:
சாத்துவாங்களா? மே மாசம் மலர்க் கண்காட்சி நேரம், வாசல்ல ஐநூறு பேரு, மூணு மணிக்கு மழை புடிக்குது. எந்த மொதலாளி கவுன்ட்டரைச் சாத்துவான்? ஐ.எஸ். 15475னு சவாரிப் பாதுகாப்புக்குத் தரக்குறியீடே இருக்குது, நானும் படிச்சேன். புஸ்தகம் நல்லாத்தான் இருக்குது. அதக் கையில வச்சுட்டு காலையில ஏழு மணிக்கு ஸ்பேனரோட தண்டவாளம் பூரா நடக்கறது யாருங்க?

பீளமேடு_பேரிங்:
இத ஒத்துக்கறேன். கேக்க வேண்டிய கேள்வி இதுதான். ஆனா நம்ம பக்கம் அதுக்கு ஆள் இல்லைன்னு சொல்லாதீங்க. நான் வேலை பழகுனது நூல் மில்லுல. ஒரு சின்ன பேரிங் சத்தம் மாறுனாலே "கொஞ்சம் நிறுத்துங்க"ன்னு சொல்ற பிட்டருங்க எங்கூட இருந்தாங்க. ராத்திரி சிப்டு, எண்ணெய்க் கையோட லாக் புக்குல எழுதிட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க. அந்த மாதிரி நாலு பேரு, அவங்க நிறுத்துன்னா நிறுத்தற மொதலாளி ஒருத்தர். இது ரெண்டும் இருந்தா நான் எம்பொண்ணை ஏத்துவேன். இல்லைன்னா கலர் எவ்வளவு நல்லா அடிச்சிருந்தாலும் ஏத்தமாட்டேன்.

திருப்பூர்_பின்னலாடை:
பேரிங் அண்ணா, மொதலாளி கெடைக்கறதுதான் கஷ்டம் 😄

ஏற்காடு_ஜீப்பு:
எங்கூரப் பத்தி ஒட்டுக்கா உக்காந்து பழமை பேசறீங்க, நானும் ஒண்ணு சொல்லிக்கறேன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. சனிக்கிழமை காலையில கீழ ஒரு பிரசவ கேஸை எறக்கறதுக்குள்ள எனக்கு வேர்த்து விட்டுரும், எதிர்ல வரிசையா கார். குப்பனூர் ரோடு இருக்குதும்பீங்க, இருக்குது, அதுலயும் இப்ப அதே கூட்டம். கோஸ்டர் வந்தா எனக்கு சவாரி கூடும், மறைக்கல. எம் மச்சினன் வேணும்ங்கறான், எங்க அப்பா வேண்டாம்ங்கறாரு. வீட்லயே சண்டை.

எங்க சந்தேகம் வேறைங்க. எங்க மலையாளிப் பழங்குடி சனத்துக்குப் (கேரளாக்காரங்க இல்லைங்க) பட்டா நெலம் கொஞ்சந்தான். ரிசார்ட்டு வர்றப்பல்லாம் "உள்ளூர் ஆளுக்கு வேலை"ம்பாங்க. பொறவு பாத்தா தோட்டக்காரன், வாட்ச்மேன். அந்தப் பிடியில பிரேக் ஷூ மாத்தற வேலைக்கு எங்க பசங்களப் பழக்குவீங்களா? பழக்குனா அப்பங்கிட்ட நான் பேசறேன்.

குன்னூர்_மேகம்:
ஜீப்பு தம்பி, உங்கப்பா பக்கம்தான் நான். ஆனா அந்தப் பிரசவ கேஸ் சொன்னீங்களே, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

திருப்பூர்_பின்னலாடை:
ரோட்டை நானும் யோசிக்கல, ஒத்துக்கறேன். மலை மேல வேண்டாம், அடிவாரத்துல போடலாமுங்களே? மேட்டுப்பாளையம் பக்கம் தண்ணி பார்க்கு இருக்கற மாதிரி. சின்னக் கரடு இருந்தாப் போதும், காரு மேல ஏற வேண்டியதே இல்ல.

குன்னூர்_மேகம்:
மேட்டுப்பாளையம் அடிவாரம் யானை வர்ற எடம் தம்பி. காரமடை பக்கம் போயி கேட்டுப் பாருங்க, ராத்திரி வாழைத் தோட்டத்துல யாரு நிக்கறாங்கன்னு.

பீளமேடு_பேரிங்:
கரட்டுல போட்டா உசரம் பத்தாது. ரெண்டு நிமிசத்துல இறங்கிரும், அந்தக் காசுக்கு சனம் வராது. சரிவு நீளமா வேணும்னா மலைக்குத்தான் போகணும். அதான் சிக்கல்.

கோபி_அம்மிணி:
நீங்க எல்லாரும் பேசி முடிக்கறதுக்குள்ள எங்க ஒரம்பரை டிக்கெட்டே போட்டாச்சு. மார்கழியில டா லாட் போறோம். ஆறு வயசுப் பையன், கூட மாமியார். யாரை எங்க உக்கார வைக்கறது? நங்கை சொல்றாங்க பையனைத் தனியா ஏத்தலாம்னு.

பீளமேடு_பேரிங்:
தனியா வேண்டவே வேண்டாமுங்க. பல எடத்துல 8 வயசு வரைக்கும் பெரியவங்க கூடத்தான் ஏத்துவாங்க, மூணு வயசுக்குக் கீழ சுத்தமா ஏத்த மாட்டாங்க. அங்க கவுன்ட்டர்ல என்ன போட்டிருக்குதோ அதுதான் கணக்கு. பையன் முன்னால, நீங்க பொறகால, பிடி உங்க கையில. மாமியாருக்குக் கழுத்து, இடுப்பு வலி இருந்தா நடந்தே அருவி பாக்கட்டும். முன் வண்டி நின்னுட்டா பதறாம ரெண்டு பிடியையும் சேத்து இழுங்க, அப்படியே பொறகால திரும்பி கையைத் தூக்கிக் காட்டுங்க, வர்றவனுக்குத் தெரியட்டும்.

குன்னூர்_மேகம்:
போனை மட்டும் பைக்குள்ள போட்டு ஜிப்பை மூடிரு அம்மிணி. செல்பி வேண்டாம். எம்பொடனி மேல சத்தியமா.

திருப்பூர்_பின்னலாடை:
எங்கம்மாகிட்ட கேட்டேன், உங்களுக்கு என்ன சொல்லட்டும்னு. "சீலை கட்டிட்டுப் போகாதீங்க, சுடிதார் போட்டுக்கச் சொல்லு. காத்துல முந்தானை சக்கரத்துக்குப் போயிருமோன்னு பயந்துதான் நான் அத்தனை பிரேக் புடிச்சேன்"ங்கறாங்க. இத்தனை நாளா இத எங்கிட்டச் சொல்லவே இல்ல.