பழைய மஸ்டாங்கை விக்கப் போறீங்களா? முதல்ல குறையை எழுதுங்க

ட்ராய்ல இருக்கிற ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, மிச்சிகன் வந்து நாலு வருஷம் ஆச்சு. ஃபோர்டு கம்பெனியோட பழைய மஸ்டாங் கார் ஒண்ணு வாங்கி கராஜ்ல வச்சே சரி பண்ணிட்டேன். இப்ப வேற மாநிலத்துல வேலை. வண்டியை யார்கிட்ட, எப்படி விக்கிறது?" அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுபோச்சு. இந்த ஆசை பிடிச்ச மத்தவங்களுக்கும் உதவும்னு இங்கேயே போடறேன்.

என்னோடது 1966 மஸ்டாங், ஹார்ட்டாப் (மடக்க முடியாத தகட்டுக் கூரை), 289 கன அங்குல வி8 இன்ஜின். ஆறு வருஷத்து சனி ஞாயிறு அதுக்குள்ள இருக்கு. முதல் தடவை விக்கப் பார்த்தப்போ தப்பு பண்ணினேன். அதைத்தான் முதல்ல சொல்லணும்.

விளம்பரத்துல "முழுசா ரெஸ்டோர் பண்ணது (பழையபடி புதுப்பிச்சது), துரு கிடையாது"ன்னு போட்டேன். ஒஹாயோவுலேருந்து மூணு மணி நேரம் ஓட்டிக்கிட்டு ஒருத்தர் வந்தார். சட்டைப் பையிலேருந்து துணியில சுத்தின சின்னக் காந்தத்தை எடுத்தார். முன் ஃபெண்டர்ல வச்சார், ஒட்டிச்சு. கதவுல வச்சார், ஒட்டிச்சு. இடது பக்கம் பின்சக்கர வளைவுக்குப் பின்னாடி வச்சுட்டுக் கையை எடுத்தார். காந்தம் வழுக்கிக் கீழே விழுந்துச்சு. அந்த இடத்துல ரெண்டு விரல் அகலத்துக்கு பாண்டோ, அதாவது பள்ளத்தை நிரப்புற பிளாஸ்டிக் பசை, போட்டு இழைச்சிருந்தேன். அதுல காந்தம் ஒட்டாது. பெயின்ட் பளபளன்னு இருந்ததால அதை நானே மறந்துட்டேன். அவர் சத்தம் போடல. "இன்னும் என்னென்ன சொல்லாம விட்டிருக்கீங்க?"ன்னு ஒரே கேள்வி கேட்டுட்டுக் கிளம்பிட்டார். அந்த மனுஷனோட ஒரு நாள் என்னால வீணாச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

பழைய வண்டிப் பிரியர்கள்கிட்ட விக்கிறதும், தினசரி ஓட்டுற டொயோட்டா காம்ரி மாதிரி ஒரு பழைய காரை விக்கிறதும் வேற வேற வேலை. காம்ரி வாங்க வர்றவர் ஏசி வேலை செய்யுதான்னு பார்ப்பார். மஸ்டாங் வாங்க வர்றவருக்கு அந்த வண்டி எங்கெங்க அழுகும்னு மனப்பாடமா தெரியும். முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற கவுல், கால் வைக்கிற தரைத் தகடான ஃப்ளோர் பேன், அடிப்பக்கம் சட்டங்கள் சேர்ற இடத்துல இருக்கிற டார்க் பாக்ஸ், டிக்கியோட ரெண்டு ஓரம், முன்னாடி சஸ்பென்ஷனைத் தாங்குற ஷாக் டவர். கவுலுக்குள்ள இலையும் மண்ணும் அடைச்சு, ஈரம் தங்கி, உள்ளேயிருந்து ஓட்டை விழும். வெளியிலேருந்து ஒண்ணும் தெரியாது. மழை பெஞ்சா தண்ணி நேரா கார்ப்பெட்டுக்கு இறங்கும்.

ரெண்டாவது விளம்பரத்தை அதனால வேற மாதிரி எழுதினேன். முதல் பத்தியிலேயே குறை. இடது பின்பக்கம் பாண்டோ இருக்கு, எவ்வளவு அகலம்னு ஸ்கேல் வச்சு எடுத்த ஃபோட்டோவோட. டிக்கி மூடி இடைவெளி ஒரு பக்கம் கொஞ்சம் அதிகம். கடிகாரம் ஓடாது. அதுக்கு அப்புறம்தான் செஞ்ச வேலை: கவுலைப் பிடிச்சிருக்கிற புள்ளிப் பற்றுகளை (ஸ்பாட் வெல்ட்) துளைச்சுக் கழட்டி மாத்தினது, ரெண்டு ஃப்ளோர் பேனும் புதுசு, வயரிங் முழுக்கப் புதுசு. ஒவ்வொண்ணுக்கும் பில், தேதி, பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி வெறும் தகடா இருக்கும்போது எடுத்த ஃபோட்டோ. எல்லாம் ஒரே ஃபைல்ல. தம்பி, நீங்க இன்னும் பிரைமர் (பெயின்டுக்கு முந்தின பூச்சு) அடிக்காத இடம் ஏதாவது இருந்தா, இதைப் படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடி போய் ஃபோட்டோ எடுத்துடுங்க. பெயின்டுக்கு அடியில இருக்கிற நல்ல வேலையை வேற எந்த வழியிலும் நிரூபிக்க முடியாது.

வார்த்தையில கவனமா இருங்க. "ஃப்ரேம் ஆஃப் ரெஸ்டோரேஷன்", அதாவது பாடியை அடிச்சட்டத்துலேருந்து கழட்டிச் சரி பண்ணதுன்னு, மஸ்டாங்குக்கு எழுதினா, படிக்கிறவர் அங்கேயே நிறுத்திடுவார். அந்த வண்டிக்குத் தனியா ஃப்ரேமே கிடையாது, பாடியும் அடிச்சட்டமும் ஒண்ணு. "மேட்சிங் நம்பர்ஸ்", அதாவது வண்டியோட நம்பரும் இன்ஜின் நம்பரும் ஒத்துப்போகுதுங்கிற வார்த்தையும் அப்படித்தான். 1968லதான் ஃபோர்டு எல்லா மஸ்டாங் இன்ஜின்லயும் வின் நம்பரை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள அடையாள எண்) பொறிக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி, வின் நம்பர்ல "கே" எழுத்து வர்ற, அதிக சக்தி கொண்ட ஹை-பெர்ஃபார்மன்ஸ் இன்ஜினுக்கு மட்டும்தான். அதனால என்னோட சாதாரண 289 அந்த வண்டியோட பிறந்த இன்ஜின்தான்னு நான் எப்படி நிரூபிக்க? இன்ஜின் பிளாக்ல இருக்கிற வார்ப்புத் தேதியைத் துடைச்சு ஃபோட்டோ எடுத்து, "தேதி வண்டியோட ஒத்துப்போகுது"ன்னு மட்டும் எழுதினேன். 6, அப்புறம் சி, அப்புறம் 12ன்னு இருந்தா 1966 மார்ச் 12 (சி மூணாவது எழுத்து, மூணாவது மாசம்). இதைப் படிக்கத் தெரிஞ்சவர்தான் உங்க வண்டிக்கு நல்ல விலை கொடுப்பார்.

வின் நம்பரையும் முன்கூட்டியே சரி பாருங்க. 1966 மஸ்டாங்ல அது டிரைவர் பக்கம், ஹூடைத் திறந்தா ஃபெண்டருக்கு உள்பக்கத் தகட்டுல பொறிச்சிருக்கும். என்னோடது 6, எஃப், 07, சின்னு ஆரம்பிக்கும்: 1966, டியர்பார்ன் பிளான்ட், ஹார்ட்டாப், ரெண்டு பேரல் கார்புரேட்டர் 289. கதவுல இருக்கிற தகட்டை நம்பாதீங்க, கதவு மாறியிருக்கலாம், தகடும் புதுசா அடிச்சு விக்கிறாங்க. பொறிச்ச நம்பரும் டைட்டில்ல (வண்டியோட உரிமைப் பத்திரம்) இருக்கிற நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். என்னைக்கோ யாரோ தட்டச்சுல ஒரு எண்ணை மாத்தி அடிச்சிருந்தா, அதைத் திருத்துறது உங்க பொறுப்பு. வாங்க வந்தவர் முன்னாடி அது தெரிய வந்தா கதை முடிஞ்சுது.

எங்கே விக்கிறதுன்னு கேட்டீங்க. இணையத்துல போடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா நாம இருக்கிறது டெட்ராய்ட். ஏப்ரல் மே வந்தா சாயங்காலம் ஏதாவது ஒரு பார்க்கிங் லாட்ல பழைய வண்டிகள் வரிசை கட்டி நிக்கும். போய் நாற்காலி போட்டு உட்காருங்க. உடனே விக்கணும்னு போகாதீங்க, அடுத்தவங்க வண்டியைப் பத்திக் கேளுங்க. ஆகஸ்ட் மூணாவது சனிக்கிழமை வுட்வர்ட் அவென்யூவுல ட்ரீம் க்ரூஸ்ங்கிற பழைய கார் ஊர்வலம், 1995லேருந்து நடக்குது. அதுக்கு முன்னாடி வண்டி கையில இருக்கணும்னு நினைக்கிறவங்க வசந்த காலத்துல தேடுவாங்க. குளிர் காலத்துல விக்க முயற்சி பண்ணாதீங்க. ரோட்டுல உப்பு கொட்டியிருக்கும்போது எந்த மனசுள்ளவரும் இந்த வண்டியை வெளியே எடுக்க மாட்டார்.

என்கிட்ட வாங்கினவரையும் அப்படி ஒரு சாயங்காலம்தான் பார்த்தேன். ரிட்டயர் ஆன டூல் அண்ட் டை (தொழிற்சாலை அச்சும் கருவியும் செய்ற) தொழிலாளி. வீட்டுக்கு வந்ததும் முதல்ல ஹூட் மேல உள்ளங்கையை வச்சார். சில்லுன்னு இருந்துச்சு, தலையாட்டினார். இதை ஞாபகம் வச்சுக்கோங்க: ஆள் வர்றதுக்கு முன்னாடி இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைக்காதீங்க. குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகுது, எவ்வளவு புகை வருதுன்னு பார்க்கத்தான் அவர் வர்றார். அப்புறம் ஒரு குடம் தண்ணி கேட்டார். கவுல்ல இருக்கிற துவாரம் வழியா மெதுவா ஊத்திட்டு, கார்ப்பெட்டை விலக்கி, டாஷ்போர்டுக்கு அடியில கையை விட்டு ரெண்டு நிமிஷம் அப்படியே வச்சிருந்தார். நான் பக்கத்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கையை வெளியே எடுத்து விரலைத் தேய்ச்சுக் காட்டினார். ஈரமே இல்ல. அந்த நிமிஷம் எனக்கு ஆறு வருஷத்துக்கும் கூலி கிடைச்ச மாதிரி இருந்துச்சு. பாண்டோ இடத்தை அவர் தொட்டுக்கூடப் பார்க்கல, "அதைத்தான் எழுதியிருக்கீங்களே"ன்னு விட்டுட்டார்.

விலை பேசுறதுல நம்ம ஊர் வழக்கம் வேற. வண்டியைப் பார்க்காமலே "கடைசி விலை என்ன"ன்னு மெசேஜ் அனுப்புறவருக்கு விலையைக் குறைக்காதீங்க. நேர்ல வந்து, அடியில படுத்துப் பார்த்துட்டு ஒரு தொகை சொல்றவர்கிட்ட பேசுங்க. நான் 25,500 கேட்டேன், 24,000 டாலருக்கு முடிஞ்சுது. போட்ட காசையும் உழைப்பையும் கூட்டி விலை வைக்காதீங்க, அது திரும்பி வராது. டெஸ்ட் டிரைவுக்கு முன்னாடி லைசென்ஸைப் பார்த்து ஃபோட்டோ எடுத்துக்கோங்க. முதல்ல நீங்க ஓட்டிக் காட்டுங்க. நாலு சக்கரமும் டிரம் பிரேக்னா அது நிக்கிற விதமே வேற, அதைச் சொல்லிட்டுச் சாவியைக் கொடுங்க.

பணத்துல மட்டும் யாரையும் நம்பாதீங்க. பேங்க்கே பணத்துக்குப் பொறுப்பேத்துக் கொடுக்கிற கேஷியர் செக்லயும் போலி நிறைய சுத்துது. வாங்குறவரோட பேங்க்குக்கே சேர்ந்து போய், கவுன்டர்ல இருக்கிற பேங்க் ஊழியர் செக் எழுதறதை உங்க கண்ணாலேயே பாருங்க. ரொக்கமா 10,000 டாலருக்கு மேல உங்க கணக்குல போட்டா பேங்க் அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை அனுப்பும். அதுல பயப்பட ஒண்ணும் இல்ல. பயந்துக்கிட்டு எட்டாயிரம், ஒன்பதாயிரம்னு பிரிச்சுப் போடறதுதான் குற்றம். விசாவுல இருக்கிற நம்ம ஆளுங்க இதை நல்லா மனசுல வச்சுக்கணும்.

விசான்னதும் இன்னொண்ணு. எச்-1பி வேலை விசாவுல இருக்கிறவர் தன் சொந்த வண்டியை விக்கிறதுல தப்பில்ல. ஆனா ஒண்ணு நல்லா போச்சேன்னு லாபத்துக்காக வாங்கி வாங்கி விக்க ஆரம்பிச்சா அது அனுமதியில்லாத தொழில்னு ஆகிடும். கிரீன் கார்டு நேரத்துல தலைவலி. அப்படி எண்ணம் இருந்தா முதல்ல குடியேற்ற வக்கீலைப் பாருங்க. வரியும் அப்படித்தான்: வாங்கின விலையும் சரி பண்ண ஆன செலவும் போக லாபம் நின்னா அதைக் காட்டணும். நஷ்டம்னா கழிச்சுக்க முடியாது. அந்த பில் ஃபைலோட ஒரு நகலை நீங்க வச்சுக்கணும்னு சொல்றது இதுக்காகவும்தான்.

டைட்டிலை மாத்த ரெண்டு பேரும் சேர்ந்தே செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீஸுக்கு (மிச்சிகன்ல வண்டிப் பதிவு பண்ற இடம்) போயிடுங்க. டைட்டில்ல அடிச்சு எழுதவோ வெள்ளை பூசவோ கூடாது. இருக்கிற நிலையிலேயே விக்கிறேன்னு ஒரு விற்பனைத் தாள் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒண்ணு. மிச்சிகன்ல நம்பர் பிளேட் உங்களோடது, கழட்டி எடுத்துக்கோங்க. பெயர் மாறின பிறகுதான் இன்சூரன்ஸை நிறுத்தணும்.

தம்பி, உங்க வண்டி எந்த வருஷம், வின் நம்பரோட முதல் அஞ்சு எழுத்து என்னன்னு மட்டும் எழுதுங்க. சனிக்கிழமை காலையில ட்ராய் பக்கம் வர்றேன். விளம்பரம் போடறதுக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் ஒரு தடவை சுத்திப் பார்த்துடலாம். காந்தம் நான் எடுத்துட்டு வர்றேன், ஒரு குடம் தண்ணி மட்டும் எடுத்து வையுங்க.