13 வயதுப் பையனை ஆறாவதில்தான் சேர்ப்பார்களா?

நாகலூர்க்காரன்:
ஏற்காடு நாகலூர் பக்கம் இருக்கிறேன். குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்த என் தங்கச்சி குடும்பம் ஊர் திரும்பியிருக்கிறது. அவள் பையனுக்கு இப்போதுதான் 13 முடிந்தது. அங்கே ஐந்தாவது வரை கன்னட வழியில் படித்தான். அப்புறம் தோட்டம் மாறி மாறிப் போனதில் படிப்பு நின்றுவிட்டது. இங்கே ஒரு அரசுப் பள்ளியில் கேட்டால், "ஐந்தாவதுதானே முடித்திருக்கிறான், ஆறாவதில் சேருங்கள், அதுவும் டிசி வந்த பிறகு" என்கிறார்கள். பையன் என் தோள் உயரம் இருக்கிறான். சின்னப் பிள்ளைகளோடு உட்கார மாட்டேன், மிளகு பறிக்கப் போகிறேன் என்கிறான். எந்த வகுப்பு என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

அம்மாப்பேட்டை அம்மா:
ஆறாவதிலேயே சேர்த்துவிடுங்கள் அண்ணா. அடிப்படை இல்லாமல் பெரிய வகுப்பில் உட்கார்ந்தால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அஸ்தம்பட்டி:
தம்பி, ஆறாவதுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். இடையில் நின்ற பிள்ளையை அவன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம், 4-ஆம் பிரிவு. உங்கள் பையனுக்கு அது எட்டாவது.

அம்மா சொல்லும் கவலை நியாயமானது. அதனால்தான் அதே பிரிவு சிறப்புப் பயிற்சியையும் உரிமையாக்கியிருக்கிறது. மத்திய அரசின் மாதிரி விதிகளில் அதற்குக் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு. விட்டுப்போன பின்னத்தையும் வகுத்தலையும் அங்கே பிடித்துவிடலாம். என் அனுபவத்தில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்த பையன்கள் பாடம் புரியாமல் நின்றதைவிட வெட்கப்பட்டு நின்றதுதான் அதிகம். அதை நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது.

டிசிக்காக அரசுப் பள்ளி காக்க வைக்கக் கூடாது; 5-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பிறப்புச் சான்று இல்லையென்றும் மறுக்க முடியாது, அது 14-ஆம் பிரிவு. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் மனு கொடுங்கள், நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். தாமதிக்காதீர்கள்: இந்தச் சட்டத்தின் கை எட்டாவது வரைதான் நீளும்.

நாகலூர்க்காரன்:
நன்றி ஐயா. நடுவில் 14 முடிந்துவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்களா? அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அஸ்தம்பட்டி:
அனுப்ப முடியாது. இப்படிச் சேர்ந்த பிள்ளைக்கு 14 வயதுக்குப் பிறகும் எட்டாவது முடியும் வரை இலவசக் கல்வி உண்டு. தமிழை மட்டும் இன்றைக்கே வீட்டில் தொடங்குங்கள். 2006 தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாவது வரை தமிழ் கட்டாயப் பாடம். வாய்க்கு வந்த மொழி, கைக்கு வர அதிக நாள் ஆகாது. மனுவில் சிறப்புப் பயிற்சி வேண்டும் என்பதையும் தனி வரியாக எழுதுங்கள். விட்டுவிட்டால் வகுப்பு மட்டும் கொடுத்து நிறுத்திக்கொள்வார்கள்.