மூன்று மாதச் சர்க்கரை அளவும் இரத்தசோகையும்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

மதுரை உறுப்பினர்:

என் அக்காவுக்கு வயது 44. ஓயாத அசதி என்று, சலுகை விலையில் கிடைத்த முழு உடல் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்திருந்தார். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.6 சதவீதம் என்று தடித்த எழுத்தில் வந்தது, 6.5-உம் அதற்கு மேலும் நீரிழிவு என்று அதன் கீழேயே அச்சிட்டிருந்ததால், அன்றே வீட்டுச் சர்க்கரை டப்பா பரணுக்குப் போய்விட்டது. ஆனால் அதே அறிக்கையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 94 என்றுதான் இருந்தது.

மருத்துவர் அந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. இரத்த அணுக்களின் பக்கத்தைத் திருப்பி, ஹீமோகுளோபின் 8.4, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 68 என்ற இரண்டு வரிகளின் கீழும் கோடிட்டார். மாதவிடாயின்போது உதிரப்போக்கு எப்படி என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அந்தக் காலம் முழுவதும் இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் அதன் ஹீமோகுளோபினில் சிறுகச் சிறுக ஒட்டுகிறது. ஒட்டியது எத்தனை சதவீதம் என்பதைத்தான் இச்சோதனை அளக்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் புதிய அணுக்களின் வரத்து குறைந்து, வயதான அணுக்களின் பங்கு கூடும்போது, சர்க்கரை ஏறாமலே இந்த எண் ஏறக்கூடும் என்று அவர் விளக்கினார்.

75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 126 வந்தது. 140-க்குள் இருந்தால் இயல்பு. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 6. உதிரப்போக்குக்குக் காரணமான கருப்பைக் கட்டிக்குச் சிகிச்சையும் இரும்புச்சத்து மாத்திரையும் தொடர்ந்து, ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்ட பிறகு ஹெச்பிஏ1சி 5.8 ஆனது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்பதால், ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். சர்க்கரை மாத்திரை எதுவும் எழுதித் தரவில்லை.

ஆய்வகப் பணியாளர், திருச்சி:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வெறும் வயிற்று எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. சர்க்கரைக்கான இரத்தத்தைச் சாம்பல் மூடிக் குழாயில் எடுக்கிறோம். அதிலுள்ள சோடியம் ஃபுளோரைடு, அணுக்கள் குளுக்கோஸைச் செலவழிப்பதைப் பெருமளவு தடுக்கும். அது இல்லாத குழாயில் எடுத்து, அணுக்களைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்திருந்தால், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு இறங்கும். காலையில் முகாமில் எடுத்த இரத்தம் மதியம் ஆய்வகத்துக்கு வந்து சேர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஊதா மூடிக் குழாயில் எடுக்கும் ஹெச்பிஏ1சி-க்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே இரண்டு எண்களும் முரண்படும்போது எது தவறு என்று நோயாளியே தீர்ப்பளிக்காமல், அறிக்கை முழுவதையும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

சேலம் உறுப்பினர்:

என் மாமனாருக்கு நேர்ந்தது மதுரை உறுப்பினரின் அக்காவுக்கு நேர்ந்ததற்கு நேர்மாறானது. சிறுநீரகச் செயலிழப்புக்காக டயாலிசிஸ் செய்துகொள்ளும் அவருக்கு இரத்தம் ஊற எரித்ரோபொயட்டின் ஊசி போடுகிறார்கள். ஹெச்பிஏ1சி 5.6 என்று வந்ததும், 'சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது, இனி இனிப்பு சாப்பிடலாம்' என்று அவர் குதூகலித்தார். வீட்டுக் குளுக்கோமீட்டரோ சாப்பாட்டுக்குப் பின் 200-க்குக் குறைவாகக் காட்டியதே இல்லை. ஊசியால் இளம் சிவப்பணுக்கள் பெருகியிருப்பதாலும், சிறுநீரகக் கோளாறில் அணுக்களின் ஆயுளே குறுகிவிடுவதாலும், குளுக்கோஸ் ஒட்டுவதற்குப் போதிய காலம் இருப்பதில்லை என்றார் மருத்துவர். அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் இந்த எண்ணை நம்ப முடியாது என்றார்.

அறிக்கையில் 'சராசரி குளுக்கோஸ் 114' என்றும் ஒரு வரி இருந்தது. அது தனியாக அளந்த அளவு அன்று, அதே 5.6-ஐ ஒரு சூத்திரத்தில் போட்டுக் கணக்கிட்ட எண். ஒன்று பிசகினால் மற்றதும் பிசகும். இப்போது குளுக்கோமீட்டர் அளவுகளை நேரத்தோடு எழுதிய நோட்டைப் பார்த்துத்தான் இன்சுலினைக் கூட்டுவதும் குறைப்பதும் நடக்கிறது.