ஹார்ஃப்பஸ் கம்பைல்: ஃப்ரீடைப் இணைப்பு விடுபடுகிறது

கேள்வி (பாயான் லெப்பாஸ், பினாங்கு):
உபுண்டுவில், எழுத்துகளைச் சரியான வரிசையில் அமைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தை மீசான் என்ற பில்ட் கருவி மூலம் கம்பைல் செய்தேன், பிழையே வரவில்லை. ஆனால் பேருந்து அறிவிப்புத் திரைக்கான நிரலை லிங்க் செய்யும்போது, ஃப்ரீடைப் (எழுத்துருக் கோப்புகளைப் படிக்கும் நூலகம்) வழியாக எழுத்துருவை ஏற்றும் ஹார்ஃப்பஸ் ஃபங்ஷன் இல்லை என்கிறது. அது இல்லாமல் என் நிரலில் 'கொம்தார்' என்ற இடப்பெயரில் ஒற்றைக்கொம்பு க-வுக்கு முன்னால் வராது. எந்த செட்டிங்கை மாற்றணும்?

பதில் 1 (கோலாலம்பூர்):
மீசானில் ஃப்ரீடைப் 'ஆட்டோ' நிலையில் இருக்கும். அதன் டெவ் பேக்கேஜ் (கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள் உள்ள தொகுப்பு) கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போய்விடும். அதனால்தான் பிழை வரவில்லை. ஃப்ரீடைப்பின் டெவ் பேக்கேஜையும் நூலகங்களைத் தேடித் தரும் பிகேஜி-கான்ஃபிக்கையும் போட்டுவிட்டு, அந்த ஆப்ஷனை 'எனேபிள்ட்' ஆக்குங்கள். இனி கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும், அதுதான் நமக்கு வேண்டும். பழைய பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு செட்டப்பை முதலிலிருந்து ஓட்டுங்கள். கடைசியில் வரும் சுருக்கத்தில் ஃப்ரீடைப்புக்கு நேரே 'யெஸ்' இருக்கிறதா என்று பாருங்கள்.

பதில் 2 (பட்டர்வொர்த்):
அண்ணன் சொன்னது சரி. இன்ஸ்டால் ஆனதும் நூலகப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் ஓட்ட மறக்காதீங்க. பிறகு நிரல் எந்த நூலகங்களை எடுக்கிறது என்று காட்டும் எல்டிடி கொடுத்து, யூஎஸ்ஆர்-லோக்கலில் நீங்கள் போட்ட ஹார்ஃப்பஸ் பிரதியை எடுக்கிறதா, கணினியோடு வந்த பழைய பிரதியையா என்று உறுதி செய்யுங்க. ரேம் 2 ஜிபிதான் என்றால் கம்பைல் வேலையை ஓட்டும் நிஞ்சாவுக்கு ஜே 2 (ஒரே நேரத்தில் இரண்டு வேலை மட்டும்) கொடுங்க. இல்லாவிட்டால் எல்லாக் கோர்களையும் பிடித்து, கம்பைலர் பாதியில் கொல்லப்படும்.

கேள்வி கேட்டவர்:
சுருக்கத்தில் 'நோ' என்றுதான் இருந்தது. டெவ் பேக்கேஜ் போட்டதும் லிங்க் ஆகிவிட்டது, நன்றி அண்ணே.