பிடியரிசியை என்ன செய்வது?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்களுடையது திருநெல்வேலிப் பக்கம் 40 குடும்பம் உள்ள சின்ன சபை. ஒடிசா மலைக்கிராமங்களில் புதிதாகச் சபை தொடங்கியிருக்கும் ஒரு மிஷனரி குடும்பத்தை மூன்று வருஷமாகத் தாங்குகிறோம். 1903-லேயே இந்திய மிஷனரி சங்கம் தொடங்கிய மண், சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று எடுத்து வைக்கும் பிடியரிசி எங்களுக்குப் புதிதில்லை. சிக்கல் என்னவென்றால் புழுங்கல், பச்சரிசி, இட்லி அரிசி எல்லாம் ஒரே சாக்கில் கொட்டப்படுகிறது. போன ஞாயிறு ஏலத்தில் கிலோ 12 ரூபாய்க்குத்தான் போனது, அதுவும் கோழித் தீவனத்துக்கு! அங்கே ஒடிசாவில் மிஷனரி அண்ணனுடைய பைக் படுத்துவிட்டது. ஊர் ஊராக நடக்கிறார். உங்கள் சபைகளில் அரிசியை வீட்டிலேயே தனித்தனியாக வாங்குகிறீர்களா, இல்லை காசாகவே வாங்கிவிடுகிறீர்களா? அப்புறம், ஓடுகிற நிலையில் பழைய பைக் யாரிடமாவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். ரயிலில் ஏற்றும் செலவு எங்களுடையது.