பி.எட். பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை, வெளிநாட்டுப் பள்ளி அட்டெஸ்டேஷன் கேட்கிறது. தற்காலிகச் சான்றிதழ் போதுமா?

கணிதப்பிரியன்

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. கணிதம் ஒரு பல்கலைக்கழகத்திலும் பி.எட். வேறொரு பல்கலைக்கழகத்திலும் படித்தேன். பி.எஸ்சி. பட்டச் சான்றிதழ் கையில் இருக்கிறது. பி.எட். முடிவுகள் வந்துவிட்டன; மதிப்பெண் பட்டியலும் கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட தற்காலிகச் சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள். பட்டமளிப்பு விழா எப்போது என்று கேட்டால் யாரிடமும் தெளிவான பதில் இல்லை.

இதற்கிடையில் துபாயில் ஒரு தனியார் பள்ளி நேர்காணல் முடித்து வேலைக் கடிதம் அனுப்பிவிட்டது. அதில் "அட்டெஸ்ட் செய்த பட்டச் சான்றிதழ்கள் தேவை" என்று ஒரே ஒரு வரி. ஓமனின் மஸ்கட்டில் இன்னொரு பள்ளியும் பேசிக்கொண்டிருக்கிறது, அவர்கள் அப்போஸ்டில் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? ஒரு ஏஜென்ட், தற்காலிகச் சான்றிதழை வைத்தே எல்லா முத்திரையும் வாங்கித் தருகிறேன், முழுப் பணத்தையும் முதலில் கட்டிவிடுங்கள் என்கிறார். கட்டலாமா?

இன்னொரு குழப்பமும் உண்டு. சான்றிதழ்களில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, கடவுச்சீட்டில் இனிஷியல் விரிவாக இருக்கிறது. இதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணல்காற்று

தம்பி, வாழ்த்துகள். ஏஜென்டுக்கு இப்போது ஒரு பைசாவும் கட்ட வேண்டாம். நான் அமீரகத்தில் பல ஆண்டுகளாகப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன், எங்கள் பள்ளிக்குப் புதிதாக வருகிறவர்கள் இதே இடத்தில்தான் திணறுகிறார்கள்.

முதலில் சில விவரங்கள் வேண்டும். இரண்டு பட்டங்களும் ஒரே நாட்டில் வாங்கியவையா? இரண்டும் நேரடியாகக் கல்லூரிக்குச் சென்று படித்ததா, தொலைதூரக் கல்வியா? பள்ளி பி.எட். பட்டத்தைக் கட்டாயம் என்கிறதா, பி.எஸ்சி.யை வைத்து விசா எடுத்துவிட்டு பி.எட்.டைப் பிறகு வாங்கிக்கொள்ளுமா? மூன்றாவது கேள்வியைப் பள்ளியிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். எழுத்தில் இருந்தால்தான் நாளைக்கு உதவும்.

கணிதப்பிரியன்

நன்றி அண்ணா. இரண்டும் ஒரே நாடு, இரண்டும் ரெகுலர். பள்ளிக்கு இன்றே எழுதிவிடுகிறேன்.

கோப்புக்கட்டு

அப்போஸ்டிலும் அட்டெஸ்டேஷனும் ஒன்றா என்ற கேள்விக்கு: இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகத் தெளியும்.

1961-இல் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் உருவானது. அதில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே ஓர் ஆவணத்தைக் கொண்டுபோக, ஆவணம் கொடுத்த நாட்டின் அதிகாரி ஒட்டும் ஒரே சான்று போதும். அதுதான் அப்போஸ்டில். சதுரமாக, எண் போட்ட 10 வரிகளோடு, தலைப்பில் பிரெஞ்சு மொழியில் ஒப்பந்தத்தின் பெயரோடு இருக்கும். ஓமன் 2012-இலிருந்து இந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது, பஹ்ரைன் 2013-இலிருந்து. சவூதிக்கு 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை சேராத நாடுகள். அங்கே அட்டெஸ்டேஷன் எனும் பழைய சங்கிலி முறைதான், வரிசையாக ஒவ்வோர் அலுவலகமும் முத்திரை போட வேண்டும்: உங்கள் நாட்டின் கல்வித் துறை, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு உங்கள் நாட்டில் உள்ள அமீரகத் தூதரகம், கடைசியில் அமீரகத்தில் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம். மஸ்கட் பள்ளி அப்போஸ்டில் என்றதும் துபாய் பள்ளி அட்டெஸ்ட் என்றதும் அவரவர் நாட்டு விதிப்படி சரிதான்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு நாடுகளும் ஒப்பந்தத்தில் இருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். புதிதாகச் சேரும் நாட்டுக்கு ஏற்கெனவே உள்ள நாடு மறுப்புத் தெரிவிக்கலாம். மறுப்பு விலக்கிக்கொள்ளப்படும் வரை அந்த இரண்டுக்கும் இடையே அப்போஸ்டில் செல்லாது. இந்தியா 2005-இல் சேர்ந்தபோது ஜெர்மனி அப்படி மறுத்தது. இந்த ஒப்பந்தத்தை உருவாக்கிய ஹேக் மாநாடு என்ற அமைப்பின் இணையதளத்தில் உறுப்பு நாடுகளின் அட்டவணை இருக்கிறது. அதில் பட்டம் கொடுத்த நாட்டையும் வேலை பார்க்கப்போகும் நாட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, தற்காலிகச் சான்றிதழுக்கு வருவோம். முத்திரை போடும் அலுவலகம் நீங்கள் படித்தீர்களா, பாஸ் ஆனீர்களா என்று பார்ப்பதில்லை. அடியில் கையெழுத்திட்டவர் யார், அந்தக் கையெழுத்தின் மாதிரி தன்னிடம் இருக்கிறதா, முத்திரை பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கிறது. பல்கலைக்கழகப் பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் போன்றவர்களின் மாதிரிக் கையெழுத்துகள்தான் பெரும்பாலும் அங்கே இருக்கும். உங்கள் தற்காலிகச் சான்றிதழில் கல்லூரி முதல்வர் கையெழுத்து என்கிறீர்கள். அது முதல் ஜன்னலிலேயே திரும்பி வர வாய்ப்பு அதிகம். பல்கலைக்கழகமே தன் முத்திரையோடு கொடுக்கும் தற்காலிகச் சான்றிதழ் என்றால் முத்திரை கிடைக்கலாம். ஆனால் அந்த முத்திரையைப் பெறும் நாடு ஏற்குமா என்பது தனிக் கேள்வி. முத்திரை கிடைத்துவிட்டதாலேயே வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. ஏஜென்ட் இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் விட்டிருப்பார்.

மணல்காற்று

கோப்புக்கட்டு சொன்னது அத்தனையும் சரி. அமீரகம் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

துபாயில் தனியார் பள்ளி ஆசிரியர் நியமனத்துக்குக் கேஎச்டிஏ அனுமதி வேண்டும், அபுதாபியில் அடெக் அனுமதி. இரண்டும் அங்கே தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்புகள். விண்ணப்பிப்பது பள்ளிதான், நீங்கள் அல்ல. ஆனால் காகிதம் உங்களுடையது. முத்திரை வாங்கிய பட்டத்தோடு, அந்தப் பட்டம் அங்கீகாரம் பெற்றதுதானா என்ற பரிசோதனையும் தனியாக நடக்கும். பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்பார்கள். அதனால் உங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் சரிபார்ப்புக் கடிதங்களுக்கு யார் பதில் போடுகிறார்கள், எந்த மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும் என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முத்திரையெல்லாம் முடிந்த பிறகு, பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வராமல் கோப்பு தூங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே கஷ்டமாக இருக்கும், அந்தப் பிள்ளைகள் ஒரு தவறும் செய்திருக்க மாட்டார்கள்.

படித்த முறையைப் பற்றியும் கேட்பார்கள். நேரடி வகுப்பு, முழுநேரம், பயிற்றுமொழி இது என்று ஒரே கடிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். கல்லூரியை விட்டு வந்தபின் அதற்காகத் திரும்பிப் போவது எளிதல்ல.

கிழக்குத்திசை

வளைகுடாவுக்கு வெளியே பார்க்கிறவர்களுக்காக இதையும் போட்டுவைக்கிறேன், இழையைப் பிற்பாடு படிப்பவர்களுக்கு உதவும்.

தென்கொரியாவில் மொழி கற்பிப்பவர்களுக்கான ஈ-2 விசாவுக்குப் பட்டத்திலும் காவல் துறைச் சான்றிலும் அப்போஸ்டில் வேண்டும். ஆங்கிலம் கற்பிக்க எல்லா நாட்டுக் கடவுச்சீட்டும் பொருந்தாது, அதை முதலில் பாருங்கள். சீனா 2023 நவம்பர் 7 முதல் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் கோப்புக்கட்டு சொன்ன மறுப்பு விஷயத்தை அங்கே அவசியம் சரிபார்க்க வேண்டும். மேலும் அங்கே வேலை அனுமதிக்குப் பொதுவாக இளங்கலைப் பட்டத்தோடு 2 ஆண்டு அனுபவமும் கேட்கிறார்கள். மொழி ஆசிரியர்களில் கல்வியியல் பட்டமோ ஆசிரியர் தகுதிச் சான்றோ உள்ளவர்களுக்கு அந்த அனுபவ நிபந்தனையில் தளர்வு உண்டு. உங்களைப் போன்ற புதுப் பட்டதாரிகளுக்கு பி.எட். அந்த இடத்தில் கைகொடுக்கும்.

வெளிநாட்டுப் பட்டதாரிகளைப் பள்ளிகளில் மொழி கற்பிக்க உதவும் பணிக்கு எடுக்கும் ஜப்பான் அரசின் ஜெட் திட்டத்தில், விண்ணப்பிக்கும்போது படிப்பை முடிக்காமல் இருக்கலாம். பட்டம் பெறப்போகிறார் என்று பல்கலைக்கழகம் கொடுக்கும் கடிதத்தை வைத்து விண்ணப்பித்துவிட்டு, குறித்த தேதிக்குள் பட்டம் பெற்றால் போதும். ஒரே கேள்விக்கு நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது. "என் நண்பனுக்குத் தற்காலிகச் சான்றிதழிலேயே முடிந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், எந்த நாடு என்று கேளுங்கள்.

கணிதப்பிரியன்

பள்ளியிலிருந்து பதில் வந்துவிட்டது. பி.எட். கட்டாயம், தற்காலிகச் சான்றிதழ் ஏற்கப்படாது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் பி.எஸ்சி. பட்டத்தை அட்டெஸ்ட் செய்யத் தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். பி.எட். வரும் வரை சேரும் தேதியைத் தள்ளிவைக்கத் தயார், ஆனால் எதிர்பார்க்கும் தேதியைப் பல்கலைக்கழகக் கடிதத்தோடு சொல்ல வேண்டுமாம். இப்போது விழாவுக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

கோப்புக்கட்டு

உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். பல பல்கலைக்கழகங்களில் விழாவுக்கு வராமலே பட்டம் பெறும் ஏற்பாடு இருக்கிறது. விழாவுக்கு முன்பே பட்டச் சான்றிதழ் கொடுக்கும் அவசர விண்ணப்பமும் சில இடங்களில் உண்டு. தேர்வுப் பிரிவில் நேரில் போய்க் கேளுங்கள். வேலைக் கடிதத்தின் நகல், சேர வேண்டிய தேதி, மதிப்பெண் பட்டியல், தற்காலிகச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு கடிதத்தோடு இணைத்துக் கொடுங்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். சட்டப்படி இப்போது தர முடியாது என்றால், இன்ன தேர்வில் தேறிவிட்டார், பட்டம் இன்ன காலத்துக்குள் வழங்கப்படும் என்று பதிவாளர் கையெழுத்தில் ஒரு கடிதம் கேளுங்கள். பள்ளி கேட்கும் கடிதம் அதுதான்.

பெயர் விஷயம். அதை அலட்சியம் செய்ய வேண்டாம். பி.எட். பட்டம் இன்னும் அச்சாகவில்லை என்பது உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு. அச்சாகும் முன்பே கடவுச்சீட்டு நகலைக் கொடுத்து, பெயரை அதில் உள்ளபடி விரிவாக அச்சிட முடியுமா என்று கேளுங்கள். அச்சான பிறகு திருத்துவது வேறு கதை. ஏற்கெனவே கையில் உள்ள பி.எஸ்சி. சான்றிதழுக்கு, இரண்டு பெயர்களும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் செய்துகொள்ளுங்கள். தாளில் எழுதும்போது எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கட்டும். ஒரு புள்ளி, ஓர் இடைவெளி விட்டுப்போனாலும் கேள்வி வரும். அந்தப் பத்திரம் போதுமா, அதற்கும் முத்திரை வேண்டுமா என்று பள்ளியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்று, பி.எஸ்சி. சான்றிதழை லேமினேட் செய்திருக்கிறீர்களா?

கணிதப்பிரியன்

ஐயோ, ஆமாம். பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா அன்றே செய்துவிட்டார்.

கோப்புக்கட்டு

பயப்பட வேண்டாம், நிறையப் பேர் வீட்டில் இதுதான் நடக்கிறது. முத்திரையும் ஒட்டுச் சான்றும் சான்றிதழின் பின்பக்கத்தில் வரும், பிளாஸ்டிக் மேல் போட மாட்டார்கள். நீங்களே பிரித்தெடுக்க முயல வேண்டாம். தாளின் மேல் அச்சும் கையெழுத்தும் பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்துவிடும். பழைய ஆவணங்களைப் பராமரிப்பவர் யாராவது தெரிந்தால் அவரிடம் காட்டுங்கள். அல்லது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் படிச் சான்றிதழ் (டூப்ளிகேட்) கேளுங்கள். எதற்கும் முன்னால் இருபக்கமும் தெளிவாக ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

ஒட்டுச் சான்று வந்த பிறகும் கவனம் வேண்டும். சில அலுவலகங்கள் கூடுதல் தாளைப் பின் போட்டு இணைத்து, இரண்டு தாளிலும் படும்படி முத்திரை குத்தும். நகல் எடுக்க வசதியாக இருக்கும் என்று அந்தப் பின்னைக் கழற்றிவிட்டால் அந்தச் சான்றே சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். அப்படியே மடித்துப் பிடித்து நகல் எடுங்கள்.

மணல்காற்று

காவல் துறை நன்னடத்தைச் சான்றைக் கடைசியில் வாங்குங்கள். பட்டத்தின் முத்திரைக்குக் காலாவதி கிடையாது, ஆனால் நன்னடத்தைச் சான்று பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பார்கள். இப்போதே வாங்கிவிட்டால் பி.எட். வருவதற்குள் பழசாகிவிடும்.

அசல் சான்றிதழ்களைக் கூரியரில் பள்ளிக்கு அனுப்பச் சொன்னால் ஸ்கேன் மட்டும் அனுப்புங்கள். ஏஜென்டிடம் அசல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எந்தெந்த ஆவணம், எந்தத் தேதி, எப்போது திரும்பும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கணிதப்பிரியன்

உங்கள் எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நிலவரம் சொல்லிவிடுகிறேன். தேர்வுப் பிரிவில் விழாவுக்கு வராமலே பட்டம் பெறும் விண்ணப்பம் இருக்கிறது, கொடுத்துவிட்டேன், பெற்றுக்கொண்ட முத்திரையும் வாங்கிவிட்டேன். பட்டம் அச்சாகாததால் பெயரை விரிவாகப் போட ஒத்துக்கொண்டார்கள். கடவுச்சீட்டு நகலில் அங்குள்ள அதிகாரியே கோடிட்டு வைத்துக்கொண்டார். பதிவாளர் கடிதத்தைப் பள்ளிக்கு அனுப்பினேன், சேரும் தேதியை அடுத்த பருவத்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பி.எஸ்சி.க்கு இரண்டாம் படிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், வந்ததும் முதல் முத்திரைக்குப் போகிறேன். ஏஜென்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். மதிப்பெண் பட்டியல்களுக்கும் முத்திரை வேண்டுமா?

மணல்காற்று

பட்டத்துக்குக் கட்டாயம். மதிப்பெண் பட்டியல்களுக்குப் பள்ளி எழுத்தில் கேட்டால் மட்டும் செய்யுங்கள், ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாகக் கட்டணம் உண்டு. கேட்டால், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் ஒன்றை வாங்கி அதற்கு மட்டும் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். துபாய் வந்ததும் சொல்லுங்கள் தம்பி.