பிரதியிடும் முறை: சரிபார்த்தால் சரியாக வருகிறது, ஆனால் விடை தப்பு. எப்படி?

பிறை_அம்மா:
மகள் இங்கே மலேசியாவில் படிவம் 1 (இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டு). பள்ளியில் ‘காஎடா பெங்கந்தியான்’ என்கிறார்களே, அந்தப் பிரதியிடும் முறையில் ஒரு கணக்கு. (எக்ஸ், வைக்குப் பதிலாக க, ம என்று தட்டியிருக்கிறேன்.)

5க − ம = 13
3க − 2ம = 5

முதல் வரியிலிருந்து ம = 5க − 13 என்று எடுத்து இரண்டாவதில் போட்டாள்: 3க − 10க − 26 = 5. அதிலிருந்து க = −31/7, ம = −246/7. முதல் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் சரியாக 13 வருகிறது. புத்தகத்திலோ 3, 2 என்று போட்டிருக்கிறது. ஒரே கணக்குக்கு இரண்டு விடை இருக்குமா?

கணக்கு_வாத்தியார்:
இல்லைங்க அக்கா, இங்கே ஒரே விடைதான். பிழை −2(5க − 13) என்ற இடத்தில். −2 × −13 = +26. ஆக 3க − 10க + 26 = 5, −7க = −21, க = 3, ம = 15 − 13 = 2.

13 எப்படி வந்தது என்கிறீர்களா? ம-வைச் செய்ததே முதல் சமன்பாட்டை வைத்துத்தானே. க = 100 என்று போடுங்கள்: ம = 487, 500 − 487 = 13. க எதுவானாலும் 13தான் வரும். அதனால் சரிபார்ப்பது எப்போதும் மற்ற சமன்பாட்டில். மகளின் விடையை அதில் போட்டால் (−93 + 492)/7 = 57. வர வேண்டியது 5. 52 கூடுதல், அதாவது 26-இன் இருமடங்கு. +26 என்று வர வேண்டியது −26 ஆகிவிட்டது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடைப்புக்குறியோடு ஒரு வரி எழுதட்டும், விரிப்பது அடுத்த வரியில். மனதுக்குள் விரிப்பதால்தான் குறி மாறுகிறது.

ஜெலுத்தோங்_டியூஷன்:
எதைத் தனியாக்குவது என்பதும் முக்கியம். மேலே ம-வின் கெழு (முன்னால் நிற்கும் எண்) −1, அதனால் பின்னம் வரவில்லை. 1 எங்கேயும் இல்லாத கணக்கு இதோ. மாமாக் கடையில் 4 ரொட்டி சானாய், 3 தே தாரிக் (பால் தேநீர்) 13.50 ரிங்கிட், 2 ரொட்டி, 5 தே 14.10 ரிங்கிட். சென்னாக மாற்றினால்

4ர + 3த = 1350
2ர + 5த = 1410

ர-வைத் தனியாக்கி 2-ஆல் வகுக்கவே வேண்டாம். 2ர = 1410 − 5த என்று அப்படியே விடுங்கள். 4ர அதன் இருமடங்குதானே:
2(1410 − 5த) + 3த = 1350
2820 − 7த = 1350
த = 210, ர = 180. தே 2.10, ரொட்டி 1.80.

கெழுக்கள் 3, 7, 5, 4 மாதிரி ஒட்டாமல் இருந்தால் நீக்கல் முறைதான் (சமன்பாடுகளைக் கூட்டியோ கழித்தோ ஓர் எழுத்தை நீக்குவது) வேகம். ஆனால் கேள்வியில் ‘பெங்கந்தியான்’ என்று குறிப்பிட்டிருந்தால் அதே முறையில்தான் செய்து காட்ட வேண்டும்.

பிறை_அம்மா:
நன்றிங்க, இப்போது புரிகிறது. இன்னொரு கணக்கில் கடைசியில் 0 = 0 என்று வந்து நின்றுவிட்டாள்.

கணக்கு_வாத்தியார்:
எடுத்த சமன்பாட்டிலேயே திரும்பப் போட்டிருப்பாள். முதலில் அதைப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். மற்றதில் போட்டும் 0 = 0 என்றால் இரண்டும் ஒரே கோடு, விடைகள் எண்ணற்றவை. 0 = 5 மாதிரி வந்தால் இணைகோடுகள், விடை இல்லை.

ஜெலுத்தோங்_டியூஷன்:
இதைப் படிக்கும் படிவம் 4 கூடுதல் கணிதப் பிள்ளைகளுக்கு ஒன்று. க − ம = 1, க² + ம² = 25 என்றால் க = ம + 1 என்று போட, ம² + ம − 12 = 0; ம = 3 அல்லது −4. க-வைக் கண்டுபிடிக்க நேர்கோட்டுச் சமன்பாட்டுக்கே திரும்புங்கள்: (4, 3), (−3, −4). வட்டச் சமன்பாட்டில் (க² + ம² = 25) போட்டால் ம = 3-க்கு க = ±4 என்று வரும். அந்த −4 பொய் விடை; −4 − 3 = −7, 1 அல்ல.